நம்ம குடும்பத்து விமானம்

முதலாளிகளில் பல வகை உண்டு. சிரித்துக்கொண்டே சம்பளத்தைக் குறைக்கிறவர், சிரிக்காமலே குறைக்கிறவர், ஒன்றாம் தேதி வந்தால் ஊரிலேயே இல்லாமல் போகிறவர் என்று நீங்களே நாலைந்து பேரைப் பார்த்திருப்பீர்கள். அவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். நான் சொல்ல வந்தது வேறொரு இனம். அதன் பெயர் குடும்ப முதலாளி.

அடையாளம் சுலபம். வேலைக்குச் சேர்ந்த அன்றே உங்கள் சொந்த ஊர், அப்பாவின் பெயர், கல்யாணம் ஆயிற்றா, ஆகவில்லையென்றால் ஏன் ஆகவில்லை என்பதுவரை விசாரித்துவிடுவார். பேத்தியின் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு உங்கள் மேஜைக்கு வரும். காய்ச்சல் என்றால் நிலவேம்புக் கஷாயம் கொடுத்தனுப்புவார். லீவு மட்டும் தரமாட்டார். குடும்பத்தில் யாராவது லீவு போடுவார்களா?

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் தி.நகர் உஸ்மான் சாலைக்கு வாருங்கள். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து, ஜவுளிக்கடை வைத்து, நகைக்கடை வைத்து, பாத்திரக்கடையும் வைத்து, வைப்பதற்கு வேறு கடை பாக்கி இல்லாததால் விமானக் கம்பெனி வைத்த சண்முகசுந்தரம் அங்கேதான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். விமானம் இரண்டு, இறக்கையில் காற்றாடி சுற்றுகிற சின்ன ரகம். ஒன்று பறக்கும், மற்றொன்று உதிரி பாகத்துக்காகக் காத்திருக்கும். ஆயுத பூஜைக்கு மட்டும் பாரபட்சம் கிடையாது. இரண்டுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் உண்டு.

விமானத்தைப் பற்றி அவர் ஓரளவு தெரிந்துகொண்டுவிட்டார். விமானிகளைப் பற்றித்தான் ஒரு சந்தேகம் அவரை விட்டுப் போகவில்லை. கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண்கள் காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்கிறார்கள். சுவரில் சாய்ந்தால்கூட மேற்பார்வையாளர் முறைப்பார். இங்கேயோ நாற்காலி போட்டு, விழுந்துவிடாமல் பெல்ட்டும் கட்டி, இருந்த இடத்துக்கே காபி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது. "உக்காந்துக்கிட்டே பாக்குற வேலையில அசதி எங்கேருந்துவே வருது?" என்று மானேஜரைக் கேட்பார். மானேஜருக்கும் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டார், ஏனென்றால் அவர் நின்றுகொண்டிருப்பார்.

மணிமொழி அந்தக் கம்பெனியின் துணை விமானி. அடையாறில் இருந்த ஒரே வீட்டை வங்கியில் அடமானம் வைத்து அப்பா படிக்கவைத்த பெண். பெரிய கம்பெனிகள் எல்லாம் அனுபவம் எங்கே என்று கேட்டன. அந்த அனுபவத்தைக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. சண்முகசுந்தரம் கொடுத்தார். கூடவே, "வர்ற தைக்கு நீ கேப்டன் தாயீ" என்று வாக்கும் கொடுத்தார். தை வந்தது. ஒரு கட்டுக் கரும்பு வீட்டுக்கு வந்தது. தோளில் கேப்டனுக்குரிய நாலாவது பட்டை வரவில்லை. அடுத்த தைக்கும் கரும்புதான். கேப்டன் ஆகிவிட்டால் எந்தப் பெரிய கம்பெனியும் கூப்பிட்டுக்கொள்ளும், வீடு மீளும் என்ற ஒரே கணக்கில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, ஜவுளிக்கடையின் மொட்டைமாடி விடுதியில் விற்பனைப் பெண்களோடு பெண்ணாகத் தங்கியிருந்ததும் அதனால்தான். கூப்பிட்ட குரலுக்கு வரவேண்டுமாம்.

ஆடி மாதம் பிறந்தது. ஆடித் தள்ளுபடி என்றால் தி.நகரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மணிமொழிக்கு ஓய்வு நாள். "ஓய்வுதானே, சும்மா வந்து வாசல்ல நில்லு தாயீ. பைலட் டிரஸ்ஸ பாத்தா சனம் உள்ள வரும்" என்றார் முதலாளி. வானத்தில் உட்கார்ந்திருந்தவளை வாசலில் நிற்கவைத்ததில் அவருக்கு ஒரு தனி நிம்மதி. தொப்பியும் சீருடையுமாக நாள் முழுக்கப் பன்னீர் தெளித்தாள், கற்கண்டு நீட்டினாள், வந்தவர்களோடு செல்பிக்குச் சிரித்தாள். இரவு படுத்தபோது கீழே லாரிகள் வந்து நின்றன. விடிய விடியப் பண்டல் இறங்கியது. விடிகிற நேரத்தில் அது ஓய்ந்ததும் ஒலிபெருக்கி தள்ளுபடியைக் கூவத் தொடங்கியது. அவள் ஒரு பொட்டுகூடத் தூங்கவில்லை.

காலையில் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், நைட்டு முழுக்க தூக்கமே இல்ல. மத்தியானம் தூத்துக்குடி பிளைட்டுக்கு என்னால போவ முடியாது. தூங்காம ஓட்றது ரூல்ஸ்லயும் இல்ல சார்."

"ரூல்ஸ் எல்லாம் கம்பெனிக்கு. நாம ஒரே குடும்பம்லா?"

"வேற யாரையாச்சும் அனுப்புங்க சார்."

வேறு யாரும் இல்லை. இன்னொரு துணை விமானி சிபாரிசு பிடித்துப் போன வாரம்தான் பெரிய கம்பெனிக்கு ஓடிப்போயிருந்தான். ஓடிப்போன பிள்ளையின் பெயரை வீட்டில் சொல்லக்கூடாதல்லவா? சண்முகசுந்தரம் சொல்லவில்லை.

"கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள தூத்துக்குடி வந்துரும் தாயீ."

"கண்ண மூடிட்டா இன்னா சார் பண்றது?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தத் தைக்கு உனக்குப் பட்டை போடணும்னு நேத்துத்தான் மானேஜர்ட்ட சொன்னேன். நீயே கெடுத்துக்கிடாத" என்றார்.

ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடையாற்று வீடு கண்ணில் வந்து நின்றது. முகத்தைக் கழுவிக்கொண்டு மீனம்பாக்கத்துக்குக் கிளம்பினாள்.

பயணிகள் வரிசையில் பங்கஜம் அம்மாள் நின்றிருந்தார். முதலாளியின் மனைவி, பிறந்த ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகிறவர். வெள்ளை மனது. மணிமொழியைக் கண்டதும் வரிசையைவிட்டு விலகி ஓடிவந்தார்.

"ஏ மணிமொழி, இப்பத்தான் அவுக போன் போட்டாக. இந்தப் பிளேன்ல ஏறாத, ராத்திரி ரயில்ல போன்னு ஒத்தக்கால்ல நிக்காக. பிளேனுக்கு ஏதும் கோளாறாம்மா?"

மணிமொழிக்கு அதுவரை கண்ணை அழுத்திக்கொண்டிருந்த தூக்கம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. உட்கார்ந்து பார்க்கிற வேலையில் அசதி எங்கிருந்து வரும் என்று முதலாளிக்குத் தெரியாமலா இருந்தது? நன்றாகத் தெரிந்திருக்கிறது. தன் பெண்டாட்டியை மட்டும் இறக்கிவிட்டு மற்றவர்களை ஏற்றிவிடுகிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுக்கு யார் போன் போடுவார்கள்? இவ்வளவு நேரம் தானும் அந்தக் குழந்தையை ஏற்றிக்கொண்டு கிளம்ப இருந்தோமே என்று நினைத்த மணிமொழி தொப்பியைக் கழற்றினாள்.

"பிளேனுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள், வரிசைக்கே கேட்கும்படி. "ஓட்டப்போற நான்தான் நேத்து காலைலேருந்து தூங்கல. சாருக்குத் தெரியும். அதான் உங்கள ஏற வேணாம்னு சொல்லிகீறாரு."

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். விமானம் அன்று கிளம்பவில்லை.

சண்முகசுந்தரம் அவளை வேலையைவிட்டு நீக்கினார் என்று நினைக்கிறீர்களா? குடும்ப முதலாளியை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. குடும்பத்திலிருந்து யாரையாவது நீக்குவார்களா? பறப்பதற்குத்தான் கூப்பிடவில்லை. ராஜினாமா கொடுத்தாள், ஒப்பந்தப்படி இன்னும் ஆறு மாதம் இருந்தாக வேண்டும் என்று பதில் வந்தது. பறக்காத விமானிக்கு வெளியே மதிப்பும் ஏறாது, உள்ளே பட்டையும் ஏறாது. "பெத்த மவ மாதிரி வச்சிருந்தேன். சபையில வச்சு மானத்த வாங்கிட்டா" என்று பனகல் பார்க்கில் நடக்கும்போது நண்பர்களிடம் அவர் கண்கலங்கினார். கண்ணீர் நிஜம். அதுதான் இந்த இனத்தின் விசேஷம்.

மணிமொழி அடையாறு வீட்டில், வீடு இன்னும் வங்கியில் இருக்க, நன்றாகத் தூங்குகிறாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். விமானக் கம்பெனி வைக்கிற வசதி நமக்கு ஏது என்ற தைரியம். இருக்கட்டும். உங்கள் வீட்டில் சமைக்கிற அம்மாவைப் பற்றி, அவர் காதில் விழும்படியே, "இவங்க வேலைக்காரங்க இல்ல, எங்க வீட்டு மனுஷி" என்று விருந்தாளிகளிடம் சொல்வீர்களே, போன தீபாவளியன்று காலையில் அந்த அம்மா எந்தக் குடும்பத்தோடு இருந்தார்?