படி எங்கே ஆரம்பிக்கிறது?

என்னைச் சந்தி சிரிக்க வைத்ததெல்லாம் நான் சொன்ன பொய்கள் அல்ல. பொய்யை நான் யோசித்து, அளந்துதான் சொல்வேன். உண்மையைச் சொல்லும்போதுதான் நாக்கு கட்டுக்கடங்காமல் போய்விடும்.

"நான் ஏழு மலை ஏறியிருக்கேன், மாஷிமா."

இதுதான் அந்த உண்மை. சொன்ன இடம் பெஹாலாவில் புபாய் வீட்டு ஹால். புபாய் என்பது நான் கல்யாணம் செய்துகொள்ளத் தவித்துக்கொண்டிருந்த ஆறடி உயர இன்ஜினீயரின் வீட்டுப் பெயர். (பெங்காலிகளுக்கு ஆபீசுக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். ஆள் வளர்ந்தாலும் வீட்டுப் பெயர் வளராது.) மாஷிமா, அதாவது நான் சித்தி முறையில் கூப்பிடுவது, அவனுடைய அம்மா. பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். துர்கா பூஜை முடிந்த கையோடு, வருஷம் தவறாமல், முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பிவிடுகிறவர்.

வரப்போகும் மருமகளிடம் அவர் ஜாதகம் கேட்கவில்லை. மீன் சாப்பிடுவாளா என்றுகூடக் கேட்கவில்லை. "என்னோட அஞ்சு நாள் மலையில நடக்கட்டும். சேர்ந்து நடக்க முடிஞ்சாத்தான் ஒரே வீட்டுல சேர்ந்து இருக்க முடியும். அப்புறம் பதில் சொல்றேன்" என்று மட்டும் மகனிடம் சொல்லியிருந்தார். அதனால் அன்றைக்கு "மலையேறிப் பழக்கம் உண்டா?" என்று அவர் கேட்டதும், நான் ஏழு மலையையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன்.

மாஷிமா நீட்டிய சந்தேஷ் இனிப்புத் தட்டு அப்படியே நின்றது. "ஏழா?"

"ஏழு. அதுவும் ரெண்டு தடவை."

நான் சொன்னது திருப்பதியை. அதே நகரத்தில் டாக்குரியாவில் இருக்கும் எங்கள் தமிழ்க் குடும்பம் லீவுக்கு ஊருக்குப் போகும்போது, வேண்டுதல் இருந்தால், அலிபிரியிலிருந்து நடந்தே ஏறும். ஏழுமலையான் இருக்கும் இடத்துக்கு நடந்து போனால் ஏழு மலை ஏறியதாகத்தானே கணக்கு? மூவாயிரத்துச் சொச்சம் படி, முக்கால்வாசித் தூரம் தலைக்கு மேல் கூரை, வழியெல்லாம் சுண்டல், மோர், பையை அடிவாரத்திலேயே வாங்கிக்கொண்டு மேலே கொண்டுவந்து தரும் ஏற்பாடு, இறங்குவதற்கு பஸ். இந்த விவரங்களை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் மாஷிமாவின் தோழியும் பக்கத்து வீட்டுக்காரருமான ரூமா மாஷிக்குச் செய்தி போய்விட்டது. நடையில் கூட வரப்போகிறவர் அவர்தான். "பயமே இல்லப்பா, நம்மகூட ஏழு சிகரம் பார்த்த பொண்ணு வருது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். புபாய்க்கு லீவு கிடைக்கவில்லை. (கேட்டானா என்பதே எனக்கு இன்றுவரை சந்தேகம்.) எங்கள் அம்மா மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னாள். "அந்தம்மா முன்னாடி மூச்சு வாங்காதடி. வாங்குச்சுன்னா, இயற்கையை ரசிக்கிற மாதிரி அப்படியே நின்னுடு."

நேபாள எல்லையை ஒட்டிய சிங்கலீலா மலைமுகட்டில் ஐந்து நாள் நடை. எங்கள் வழிகாட்டி பெம்பா, அதிகம் பேசாத மனிதர். ஜீப்பிலிருந்து இறங்கியபோதே தூறிக்கொண்டிருந்தது. மாஷிமா மருந்துப் பெட்டியையும் கயிற்றையும் தூக்கி என் பைக்குள் வைத்தார். "அனுபவசாலிகிட்ட இருக்கட்டும்."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். சேறு, மூங்கில், மூடுபனி. பெம்பாவை மெதுவாக ஓரங்கட்டி ஹிந்தியில் கேட்டேன். "பாயி, படி எங்க ஆரம்பிக்குது?"

"எந்தப் படி, தீதி?" (பாயி என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா.)

"மேல ஏறுற படி."

பெம்பா மலையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "படி இல்ல, தீதி. மலைதான் இருக்கு" என்றார்.

முதல் ஒரு மணி நேரத்தில் நான் இயற்கையை ரசித்த மாதிரி உலகத்தில் யாரும் ரசித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று ரசித்தேன். தூறல் மழையானது. அன்று முழுக்க விடவில்லை, மறுநாளும் விடவில்லை. நான்கு நாள் முன்பு வாங்கிய என் புது ஷூ தண்ணீரைக் குடித்துவிட்டு என் குதிகாலைத் தின்ன ஆரம்பித்தது. இரண்டாம் நாள் காலையில் இரண்டு காலிலும் கொப்புளம்.

அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை வந்தது. திருப்பதிக்கு நாங்கள் வெறுங்காலோடுதானே ஏறினோம்? என் காலுக்கு மலை என்றால் செருப்பில்லாத மலைதான் பழக்கம். ஷூவைக் கழற்றி, நாடாக்களை முடிந்து, கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டேன். ஜில்லென்ற சேறு கொப்புளத்தில் பட்டதும் சுகமாகவே இருந்தது.

ரூமா மாஷி என் காலைக் கண்கொட்டாமல் பார்த்தார். "இதுதான் உங்க முறையா?"

"ஆமா மாஷி. நாங்க எப்பவும் இப்படித்தான்." (இதுவும் உண்மைதான். சொன்னேனே, என் நாக்கை.)

அவ்வளவுதான். அறுபது வயது ரூமா மாஷியும் ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மாஷிமா முன்னால் போய்க்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். பின்னாலிருந்து ரூமா மாஷி, "ஹேமா, என் காலெல்லாம் ஏதோ ஊருதே" என்றார். குனிந்து பார்த்தேன். அட்டைப்பூச்சி. அவர் காலில் பதினொன்று. என் காலை எண்ண எனக்குத் துணிச்சல் வரவில்லை. மருந்துப் பெட்டியில் உப்பு எங்கே இருக்கிறது என்று அனுபவசாலிக்குத் தெரியவில்லை. ஓடிவந்த மாஷிமாதான் அதைப் பிடுங்கி, உப்பைத் தூவி, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ரூமா மாஷி கண்ணை இறுக மூடிக்கொண்டு துர்கா, துர்கா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி அட்டையையும் எடுத்துவிட்டு மாஷிமா நிமிர்ந்தார். பரீட்சைப் பேப்பரைத் திருத்தும் டீச்சரின் குரல். "வெறுங்காலோட ஏறினியே, அது எந்த மலை?"

"திருப்பதி."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவர் மனசுக்குள் வரைபடத்தை விரித்தார். "அங்க பஸ் போகுமே?"

"போகும். ஆனா நாங்க நடந்துதான் போனோம்."

"படி கட்டியிருக்கும் இல்ல?"

நான் பதில் சொல்லுமுன் பெம்பா வாயைத் திறந்தார். இரண்டு நாளில் தானாகப் பேசியது அது ஒன்றுதான். "ஓ, அதான் தீதி முதல் நாளே படி எங்கன்னு கேட்டாங்க."

மாஷிமா ரூமா மாஷிக்கு ஷூவை மாட்டிவிட்டு, என் பையிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். அதோடு என் கல்யாணமும் அந்தப் பைக்குள் போய்விட்டதாக நினைத்தேன். அழுதுகொண்டே நடந்தேன். மழையில் அழுவதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் மதியம், முகட்டுக்குக் கீழே கடைசி ஏற்றம். மாஷிமா நின்று திரும்பினார். "இங்கேருந்து ஜீப் ரோடு பக்கம்தான். நீ இறங்கணும்னா இறங்கு. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட இறங்கியிருப்பேன். கரிசனமாகச் சொன்னதுதான் சுருக்கென்றது. "நான் பொய் சொல்லல, மாஷிமா. படியா இருந்தாலும் நடந்து ஏறினது நான்தான். இதையும் நடந்தே ஏறிடுறேன்."

"அத்தனை படியை எப்படி ஏறின?"

"மேல பார்க்க மாட்டோம். அடுத்த படியை மட்டும் பார்ப்போம். ஒவ்வொரு அடிக்கும் கோவிந்தான்னு சத்தமா சொல்வோம்."

"சரி, சொல்லு."

கூச்சத்தோடு "கோவிந்தா" என்றேன். ரூமா மாஷி பின்னாலிருந்து "கோபிந்தோ" என்றார். ஒரு அடி வைத்தோம். மறுபடி சொன்னேன். இந்த முறை மாஷிமாவும் சேர்ந்துகொண்டார். மழைக்கோட்டுக்குள் மூன்று பெண்பிள்ளைகள், கோவிந்தா கோபிந்தோ என்று கத்திக்கொண்டு சேற்றில் ஏறினோம். எதிரே இறங்கி வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஒதுங்கி நின்று கைகூப்பினார்.

மேலே போனால் கஞ்சன்ஜங்கா தெரியும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும். தெரிந்தது வெள்ளைவெளேரென்று ஒரு மேகச் சுவர். மாஷிமா விட்டுக்கொடுக்கவில்லை. கம்பை நீட்டி, "இதோ, இதுதான் உச்சி. அதுக்கு இடப்பக்கம் இருக்கிற சிகரம் கும்பகர்ணா" என்று ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டி முழுப் பாடமும் எடுத்தார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மணிக்கணக்காக நடந்து, இரண்டே வினாடி தரிசனம் கிடைத்து, "ஜருகண்டி" என்று தள்ளிவிடப்பட்டுப் பழகியவளுக்கு இது பெரிய ஏமாற்றமாகத் தெரியவில்லை.

கீழே இறங்கி, சிக்னல் கிடைத்ததும் மாஷிமா மகனுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்காத மாதிரி கேட்டேன்.

"பொண்ணுக்கு மலையைப் பத்தி ஒண்ணுமே தெரியாது, புபாய். ரூமாவை அட்டைக்குச் சாப்பாடாப் போட்டா. ஆனா ஜீப்ல ஏறல. கல்யாணத்துக்குத் தேதி பார்க்கச் சொல்லு."

இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. "படி எங்க ஆரம்பிக்குது?" என்பது, அன்று நான் ஹிந்தியில் கேட்டதானாலும், இன்று பெஹாலா வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த தமிழ் வாக்கியம். கேஸ் தீர்ந்தால், புபாய் டாக்ஸி கிடைக்காமல் விழித்தால், என் பெண் கணக்குப் பாடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அதிகம் கேட்பது ரூமா மாஷிதான். பதினொரு அட்டைக்கு அந்த உரிமைகூட இல்லாவிட்டால் எப்படி?

போன மாதம் மாஷிமாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கினார். வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவர், பத்தொன்பது மலைப்பாதை நடந்தவர், முதல் தடவையாகப் பயந்ததை நான் பார்த்தேன். அவருடைய பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவர் திரும்பாமலே, உடைந்த தமிழில் கேட்டார். "ஹேமா, படி எங்க ஆரம்பிக்குது?"

"இங்கதான், மா. மேல பார்க்காதீங்க" என்றேன்.

அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு காலைத் தூக்கி வைத்தார். "கோபிந்தோ."