எட்டடியார் கேட்ட கொல்லைச் சுவர்

தனக்குத் தானே 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆள் தஞ்சை ஜில்லாவிலேயே எட்டடியார் ஒருவர்தான். ஒரு தடவை அல்ல, பதினோரு தடவை. பதினோரு தடவையும் திருப்பி அனுப்பிய பாவி நான்.

அப்போது பாபநாசம் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். கொல்லைச் சுவர் ஐந்தடிக்கு மேல் போக வேண்டுமானால், சுவருக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். இவருக்கு எட்டடி வேண்டும். ஏழரை என்றால்கூடச் சண்டைக்கு வருவார். அவருடைய நிஜப் பெயரே எங்களுக்கு மறந்துபோயிற்று.

அந்தப் பக்கம் இருந்தது பத்து மா நஞ்சை. மனைவியின் நகைகளை விற்று இவர் பெயரில் வாங்கியது. நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசு அதை உபரி என்று எடுத்து, உழுதுகொண்டிருந்த வீரையனுக்கே பட்டா கொடுத்துவிட்டது. நியாயம்தான் என்றது ஊர். எட்டடியார் ஒப்பவில்லை. மனுவில் 'பின்பக்க நில உரிமையாளர்' என்ற இடத்தில் தன் பெயரையே எழுதி, தனக்குத் தானே சம்மதமும் கொடுத்துவிடுவார்.

"ஐயா, இங்க வீரையன் பேரு வரணும்."

"எந்த வீரையன்?"

"உங்க வயல உழுவுறாரே, அவருதான்."

"பாத்தியா, உங்க வயலுன்னு நீயே சொல்ற. அப்பறம் என்ன தம்பி, சீல குத்து."

இதற்குள் ஆட்சி மாறியது. ஆபீஸ் சுவரில் முதலமைச்சர் படமும் மாறியது. எட்டடியார் வந்து புதுப் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பழைய மனுவையே நீட்டினார்.

ஒரு தடவை மேலதிகாரி நேரில் பார்வையிட வந்தார். கொல்லையில் எட்டடி மூங்கில் இரண்டை நட்டு, குறுக்கே தன் வேட்டியை அவிழ்த்துக் கட்டிவிட்டு, இடுப்பில் துண்டோடு நின்றார் எட்டடியார். "இவ்ளோதாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?" அதிகாரி சிரித்துவிட்டுப் போய், 'பரிந்துரைக்க இயலாது' என்று எழுதினார்.

நான் மட்டும் பின்தங்கி, எதற்கய்யா இந்தப் பாடு என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "உள்ள அவ இருக்கா. நடவு, அறுப்புன்னா கொல்லப்படியில வந்து உக்காந்துடுறா. வயலயே பாத்துக்கிட்டு இருக்கா, சோறு எறங்க மாட்டேங்குது. கண்ணுல படாம இருந்தா மறந்துருவா தம்பி."

இருந்தும் விதி விதிதானே என்று அந்த மனுவையும் திருப்பி அனுப்பினேன்.

பன்னிரண்டாவது மனுவில் 'வீரையன் அவர்கள்' என்று இருந்தது. பக்கத்தில் வீரையனின் கையெழுத்து.

"வீட்டுக்கே போய்க் கேட்டேன். பாய் போட்டான்." கொஞ்சம் நிறுத்தினார். "போட்டார். 'ஐயா கேட்டிருந்தா அன்னைக்கே கையெழுத்து போட்டிருப்பேனே'ன்னார். சீக்கிரம் பாரு தம்பி. அவளுக்கு இப்பக் கஞ்சிகூட எறங்கல."

அன்றே கோப்பை மேலே அனுப்பினேன். அது கீழே இறங்க ஒன்றரை மாதம் ஆயிற்று. உத்தரவை நானே சைக்கிளில் எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் கருமாதிப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டடியார் கொல்லைப்படியில், மனைவி உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். உத்தரவை ஒரு வரி விடாமல் படித்து, மடித்து என்னிடமே கொடுத்தார்.

"வேண்டாம் தம்பி. கடைசி வரைக்கும் அவ பாத்துக்கிட்டு இருந்தது அதத்தானே. இனிமே நான் பாக்குறேன்."

வீரையன் வீடு என் ஆபீசிலிருந்து சைக்கிளில் பத்தே நிமிஷம். அந்தப் பதினோரு தடவையில் ஏதாவது ஒரு நாள் நானே போய் அந்தக் கையெழுத்தை வாங்கி வந்திருக்கலாம். 'எவன்டா உன்னப் போகச் சொன்னது' என்று எட்டடியார் என்னைக் கண்டபடி திட்டியிருப்பார். திட்டட்டுமே, எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.