ராகிச் சாக்கும் வெந்நீர்க் குழாயும்

சேசு மரி சூசை துணை

ஓசூர்,
26-12-1968

மதிப்புக்குரிய மச்சான் சூசை அவர்களுக்கு, தங்கை புருஷன் சகாயநாதன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் தங்கை அற்புதமேரியும் சுகம். திண்டுக்கல்லில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடிக்கொள்கிறோம்.

"இழுப்புக்காரியை ஓசூர்க் குளிரில் வைத்துச் சாகடிக்கப் பார்க்கிறீர், ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராசாக்கள் திருநாளுக்கு வந்து கையோடு கூட்டிப்போகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாக வாருங்கள், விருந்து சாப்பிடுங்கள், ஆனால் கூட்டிப்போகிற பேச்சு வேண்டாம். என் வீடு இப்போது திண்டுக்கல்லைவிடச் சூடு.

இந்தப் பங்களாவைக் கட்டிய துரை, சமையலறையில் ஒரு விறகு பாய்லர் வைத்து, அதிலிருந்து சுவரோரமாக எல்லா அறைக்கும் இரும்புக் குழாய் ஓடவிட்டு, வெந்நீர் சுற்றிவரச் செய்திருந்தார். அதை நம்பித்தான் பென்ஷனான கையோடு இங்கே குடிவந்தேன். கார்த்திகைக் கடைசியில் பாய்லரை மூட்டினேன், மூட்டிய மூன்றாம் நாள் படுக்கையறை மூலையில் குழாய் திரும்புகிற முழங்கை இணைப்பு சொட்ட ஆரம்பித்தது, அத்திப்பள்ளியிலிருந்து பைப் வேலைக்காரன் திம்மராயனைக் கூட்டிவந்தேன், அவன் மரையில் நூலைச் சுற்றி இறுக்கினான், படுக்கையறை நின்று கூடத்தில் சொட்டியது, கூடத்தில் சோப்பைத் தடவி அடைத்தான், தண்ணீர் மறுபடி படுக்கையறைக்கே வந்துசேர்ந்தது, நான் குடையை விரித்துக்கொண்டு தூங்கினேன். அதோடு திம்மராயன் வேப்பனப்பள்ளியில் ஒரு கல்யாணம் என்று போய்விட்டான். பாய்லரை அணைத்துப்போட்டுவிட்டு எட்டு நாள் காத்திருந்தோம். அந்த எட்டு நாளும் தங்கள் தங்கை ஒரு வார்த்தை முனகவில்லை. கோபத்தில் பேசாமல் இருக்கிறாள் என்று நான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். மச்சான், உள்ளதைச் சொல்கிறேன், அவளை நீங்கள் கூட்டிப்போய்விட்டால் இந்தப் பெரிய வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

ஒன்பதாம் நாள் வந்தான். குழாயில் பச்சைத் தண்ணீரை நிரப்பி, சமையலறைப் பக்கம் அவன் பிடித்துக்கொள்ள, சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஸ்பேனரால் முழங்கையை முறுக்கினேன். திடீரென்று உள்ளேயிருந்து "சாக்கு சார், சாக்கு" என்றான். தண்ணீரைத் துடைக்கக் கேட்கிறான் போலிருக்கிறது என்று அற்புதமேரியைச் சாக்கெடுத்துவர ஏவினேன். வீட்டிலிருந்தது ராகிச் சாக்கு ஒன்றுதான். அவள் ராகியைக் கூடத்தில் கொட்டிவிட்டு வருவதற்குள், சும்மா நிற்பானேன் என்று நான் இன்னும் இரண்டு சுற்று முறுக்கினேன். அவன் "சாக்கு, சாக்கு" என்று கத்த, நானும் "வருதுப்பா, வருது" என்று சொல்லிக்கொண்டே முறுக்க, முழங்கை பட்டென்று வெடித்தது. இருதய ஆண்டவர் படத்திலிருந்து என் மூக்குக் கண்ணாடி வரைக்கும் ஒரே அபிஷேகம்.

திம்மராயன் ஓடிவந்தான். "இன்னா சார் இது? சாக்குன்னா கன்னடத்துல போதும்னு அர்த்தம். போதும் போதும்னு கத்தினு இருக்கேன், நீ பாட்டுக்கு முறுக்கினே இருக்கியே."

"தமிழ்ல சாக்குன்னா இதுதான்யா" என்று, அற்புதமேரி கொண்டுவந்து நனைந்துபோயிருந்த சாக்கை நீட்டினேன்.

வாங்கியவன் ஓர் இழையை உருவிப் பார்த்தான். "சணல் சார். பெங்களூர்ல எங்க மேஸ்திரி இதைத்தான் சுத்துவாரு. மறந்தே பூட்டேன்" என்றான். சாக்கைப் பிரித்து, மரைக்கு மரை சணலைச் சுற்றி, வெள்ளைப் பெயிண்டைப் பூசி, பையிலிருந்த வேறு முழங்கையைப் பூட்டினான். வீட்டிலிருந்த அத்தனை இணைப்பையும் அப்படியே கழற்றிப் பூட்டினோம். பாய்லரை மூட்டினேன். ஒரு சொட்டு இல்லை, மச்சான். நேற்றுக் கிறிஸ்துமஸ் திருநாளன்று பங்குச்சாமியாரே வந்து குழாயில் கை வைத்துக் குளிர் காய்ந்தார். பக்கத்து வீட்டுச் சரசம்மா அதன்மேல் வடகம் காயப்போட்டிருக்கிறாள். துரை போன பிறகு யாராலும் ஆகாததை நான் செய்துகாட்டிவிட்டேன். இனி இழுப்பாவது மண்ணாவது.

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஆண்டவர் நிறைந்த ஆயுளும், ஒழுகாத வீடும் அருள்வாராக.

தாழ்மையுள்ள
சகாயநாதன்

பி.கு. 28-ஆம் தேதி. தபாலில் போடுமுன் அற்புதமேரிக்குப் படித்துக்காட்டினேன். இரண்டு நாளாக மறுபடி இழுப்பு. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "பாய்லர் அணைஞ்சு கிடந்த எட்டு நாளும் எனக்கு இழுப்பே வரலியே, அதை எழுதினீங்களா? எனக்குக் குளிரு ஆகாம இல்லை. உங்க பாய்லர் புகைதான் ஆகலை." பிறகு கொஞ்சம் சிரித்தாள். "போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துட்டுப் போறேன். அதுக்கு இந்தக் குழாயை ஒரு சாக்கா வச்சு வீட்டையே நனைக்கணுமா?"

சொல்லிவிட்டேன். பாய்லரை அணைத்தாயிற்று. வரும்போது நல்ல கம்பளி இரண்டு வாங்கிவாருங்கள். ராகியை இன்னும் கூடத்தில்தான் குவித்து வைத்திருக்கிறோம், ஆகவே முடிந்தால் ஒரு சாக்கும்.