காணாமற்போன சீனி

சீனியை அளக்கும் ஹைட்றோமீட்டர் என்ற அந்தக் கண்ணாடிக் குழாய் இனிப்புத் தண்ணீரில் நிமிர்ந்து மிதக்கவேண்டியது. அதுவோ கல்லைக் கட்டிவிட்டதுபோல் கீழே போய்க்கொண்டிருந்தது. அருமைராசா குசினி நிலத்தில் முழந்தாளிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். குழாய் மனம் மாறவில்லை.

"அறுபது வீதம்," என்றார், செத்தவீடு அறிவிக்கிறவர்போல். "தானியத்திலை கிடக்கிற சீனியிலை அறுபது வீதம்தான் இறங்கியிருக்கு. எழுபத்தைஞ்சு வரவேணும்."

"மிச்சம் எங்கை போச்சு?" என்று கேட்டாள் மனைவி அக்னெஸ்.

"அது தெரிஞ்சால் நான் ஏனப்பா முழந்தாளிலை நிக்கிறன்?"

"கோயிலிலை நீங்கள் இவ்வளவு நேரம் முழந்தாளிலை நிண்டதை நான் காணேல்லை."

அருமைராசா மொன்ட்ரியால்-நோரில் குடியேறிப் பதினாறு வருடம். பதினாறு வருடமும் ஒரே தொழிற்சாலையில் பெட்டி ஒட்டியவர். கூட வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர் பற்றிக்தான், முளைகட்டிக் காயவைத்த பார்லியைச் சுடுநீரில் ஊறவைத்து வீட்டிலேயே பியர் காய்ச்சும் வித்தையை அவருக்குக் காட்டிக்கொடுத்தார். தன் பியர்ச் சங்கத்திலும் சேர்த்துவிட்டார். ஜூன் இருபத்துநான்கு சென்-ஜோன் விழாவுக்குச் சங்கம் ஒரு பீப்பாய் வைப்பது வழக்கம். 2006ஆம் ஆண்டுப் பீப்பாய் அருமைராசாவின் பொறுப்பு என்று முடிவாகியிருந்தது.

இந்த நாட்டில் அவரை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்தது அதுதான் முதல்தடவை. அன்றிரவு அவருக்குச் சந்தோஷத்தில் நித்திரை வரவில்லை. இப்போது பயத்தில் வரவில்லை. பீப்பாயில் வெறும் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? இதற்குள் கோயில் பங்குச் சனம் வேறு, காய்ச்சுவது பியர் என்று எத்தனைதரம் சொன்னாலும் கள்ளச் சாராயமென்றே நினைத்து, "அருமைராசா கசிப்புக் காய்ச்சிறாராம்" என்றே கதைத்துக்கொண்டு திரிந்தது.

பற்றிக் தொலைபேசியில் வைத்தியம் சொன்னார். ஊறல் வடிந்தபிறகு தானியத்தின்மேல் ஊற்றிக் கழுவுகிற தண்ணீரின் சூடு காணாது. எழுபத்தாறு பாகை இருக்கவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை அருமைராசா தெர்மோமீட்டரும் கையுமாக நின்றார். எழுபத்தாறு நல்லதென்றால் எண்பத்தைந்து அதைவிட நல்லதுதானே என்று அவருக்குப் பட்டது. ஊற்றினார். சீனி ஒரு சொட்டும் கூடவில்லை. உமியின் கயர் முழுவதும் இறங்கி, இரண்டுதரம் காய்ச்சிய தேயிலைச் சாயம்போல் வந்தது. வாயில் வைத்த மகள் றொஷினி நேரே குழாயடிக்கு ஓடினாள்.

சூட்டைக் குறைத்தார். மூன்றாம் முறைக்குத் தானியத்தையே உற்றுப் பார்த்தார். தானியத்தைக் கடைக்காரனே அரைத்துப் பையில் கட்டித் தருவான். காய்ச்சும் அன்று காலையில் அக்னெஸ் அதைத் துடைத்த பேசினில் கொட்டி ஆயத்தமாக வைப்பாள். இந்தக் காரியத்துக்கு அவள் செய்கிற உதவி அது ஒன்றுதான். அருமைராசா கையால் அள்ளினார். உமியும் குறுனலுமாக வந்தது.

"அரைச்சது காணாது!" என்று துள்ளினார். "கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்!"

அடுத்தமுறை மசிய அரைக்கச் சொன்னார். ஐம்பத்திரண்டு வீதம். அதற்கடுத்தமுறை, "இன்னும் மசிய," என்று கடைக்காரனின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். நாற்பத்துமூன்று.

"அவ்வளவு மசிய அரைச்சால் களியாகி வடிகுழாய் அடைச்சுக்கொள்ளவேணுமே?" என்று தொழிற்சாலையில் பற்றிக் தலையைச் சொறிந்தார்.

"ஆறு மாதிரி ஓடுது," என்றார் அருமைராசா.

மே மாதம் முடியப்போகிறது. பியர் புளித்துத் தெளிய நாலு கிழமை வேண்டும். இனி ஒரேயொரு சனிக்கிழமைதான் மிச்சம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையால் வந்தவர் சப்பாத்தையும் கழற்றாமல் கதிரையில் விழுந்தார்.

"பீப்பாயை வேறை ஆரிட்டையும் குடுக்கச் சொல்லப்போறன், அக்னெஸ். நான் ஒண்டுக்கும் உதவாதவன்."

அக்னெசுக்கு மனம் பொறுக்கவில்லை. "காணாமற்போன சாமானுக்குத்தானே அந்தோனியார் இருக்கிறார்? உங்கட சீனிக்கு நான் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறன். நாளைக்குப் பற்றிக்கையும் கூப்பிடுங்கோ, வந்து கண்ணாலை பாக்கட்டும்."

"இந்த வீட்டிலை ஒழுங்கா வாறது உன்ரை சனிக்கிழமைப் புட்டு ஒண்டுதான்," என்றார் அவர். "போனமுறை பஞ்சு மாதிரி இருந்தது."

அவள் முகம் மலர்ந்தது. "ஓமப்பா, வரவர நல்லா வருது."

சனிக்கிழமை காலை பற்றிக் வந்தார். பானையைப் பார்த்தார். தெர்மோமீட்டரைத் தட்டிப் பார்த்தார். வடிகுழாயை ஊதிப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. அருமைராசாவின் கடைசி நம்பிக்கையும் அதோடு போயிற்று. பிழை சாமானில் இல்லையென்றால் தன் கையில்தான்.

"வெறுவயித்தோடை காய்ச்சாதேங்கோ. முதல் சாப்பிடுங்கோ," என்று அக்னெஸ் ஆவி பறக்கும் புட்டையும் வாழைப்பழத்தையும் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்சம் மண்ணிறமான புட்டு. குரக்கன் மா கலந்ததாக்கும் என்று அருமைராசா ஆறு கிழமையாக நினைத்துக்கொண்டிருந்தார்.

பற்றிக் ஒரு வாய் வைத்தார். மென்றவர் நிறுத்தினார். கோப்பையை மூக்கருகே தூக்கி மணந்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, றொஷினியிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

"அம்மா, இது என்ன மா எண்டு கேக்கிறார். தனக்கு நல்லாத் தெரிஞ்ச வாசமாம்."

அக்னெஸ் கையைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சிரித்தாள்.

"அப்பான்ரை பார்லிதான் எண்டு சொல்லு, பிள்ளை. ஒவ்வொரு முறையும் விடிய எழும்பி நான்தானே அதை அரிச்சு, மாவைப் புட்டுக்கு எடுத்துக்கொண்டு, உமியை இவரின்ரை பேசினுக்கை போடுறனான். பியருக்கு மா என்னத்துக்கு?"