கித்துல்கலவில் தலையாட்டிய கதை

எனக்கு நீந்தத் தெரியாது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாற்பத்து நான்கு வருடம் எடுத்திருக்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஓர் ஒழுங்கையில் பிறந்து, படுக்கையில் கிடந்தபடியே அலைச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். தண்டவாளத்தைக் கடந்தால் கடல். ஆனால் என் அம்மாவின் சட்டப்படி கடல் என்பது கணுக்கால் வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் நனைந்த காற்சட்டையே காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் இப்படித்தான். வந்த விருந்தாளியை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டுவார்களே தவிர, தாங்கள் அதில் இறங்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் உண்டு. இந்த விஷயம் என் மகளுக்குத் தெரியாது. ஆரபிக்கு ஐந்து வயதிருக்கும். ஒரு பின்னேரம் கடற்கரையில் இருந்தபோது, எனக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாமலோ என்றேன். அதோடு விட்டிருக்கலாம். சின்ன வயதில் அதோ அந்தப் பாறை வரைக்கும் நீந்திப் போய் வந்திருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். (தகப்பன் என்றால் சும்மாவா?) அதற்குப் பிறகு வந்த வருடங்களில், ஒவ்வொரு முறை கதையைச் சொல்லும்போதும் அந்தப் பாறை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. கடைசியில் அது துறைமுகத்துக்குக் கப்பல் போகிற வழியில் நின்றது.

ஆரபிக்குப் பத்து வயதானபோது சனிக்கிழமை நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். நான்கு மாதமாகியும் அவள் ஆழமில்லாத பக்கத்தை விட்டு நகரவில்லை. கை இரண்டையும் அழகாக வீசுவாள், கால் மட்டும் நிலத்தில் நிற்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் நீந்துகிற மாதிரியே இருக்கும். என் மனைவி வாசுகிக்கு மட்டும் என் வண்டவாளம் தெரியும். அவள் ஒருநாள் குசினிக்குள் வைத்து மெதுவாகச் சொன்னாள்.

"பிள்ளைக்கு உங்கட பயம்தான் தொத்தியிருக்கு. ஒண்டில் அவளிட்ட உண்மையைச் சொல்லுங்கோ, இல்லாட்டி நீங்களும் தண்ணிக்குள்ள இறங்குங்கோ."

நான் இரண்டையும் செய்யாமல் மூன்றாவதாக ஒரு வழியைப் பிடித்தேன். பேசாமல் இருந்தேன்.

அப்படியே இருந்திருப்பேன். ஆனால் ஓகஸ்ட் விடுமுறைக்கு வாசுகியின் தம்பி குகன் ரொறன்ரோவில் இருந்து வந்து இறங்கினான். அவனுக்கு ஒரு வருத்தம் உண்டு, மருந்தில்லாத வருத்தம். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு புது விளையாட்டைப் பழக வேண்டும். முந்தின முறை வந்தபோது அறுகம்பேயில் அலைச்சறுக்கு என்று போய், முதுகில் தோல் உரிந்து வந்தான். இந்த முறை, எங்களிடம் கேட்காமலே, பௌர்ணமிப் போயா விடுமுறையோடு வந்த நீண்ட வார இறுதிக்குக் கித்துல்கலவில் ஆற்றுப் படகுச் சவாரிக்குப் பதிவு செய்துவிட்டு வந்து நின்றான். காற்றடித்த ரப்பர் படகில் ஏறி, பாறைகளுக்கு நடுவே பாய்ந்து போகிற களனி கங்கையில் துடுப்புப் போட வேண்டுமாம்.

எனக்குப் பயம் வரவில்லை. காரணம், களனி கங்கையை எனக்குத் தெரியும். வேலைக்காகப் பேலியகொடைப் பாலத்தைக் கடந்து போய்வருகிறவன் நான். அங்கே அது மண்ணிறத்தில், மீன் வாசனைக்கு நடுவில், கடலுக்குப் போகவா வேண்டாமா என்று யோசித்தபடி கிடக்கும். அதில் படகோட்டுவது எங்கள் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருப்பதற்குச் சமன் என்று நினைத்தேன். ஆரபிக்கு முன்னால் ஆற்றில் இறங்கி, ஒரு சுற்றுப் போய் வந்துவிட்டால், அவளுக்கும் பயம் தெளியும், என் பாறையும் தப்பும். பெரிய மனதோடு சம்மதித்தேன்.

கித்துல்கலவில் வான் வண்டியை விட்டு இறங்கியபோது முதலில் கேட்டது சத்தம். பிறகுதான் ஆறு தெரிந்தது. பேலியகொடையில் கிழடாகப் படுத்திருப்பது இங்கே இளந்தாரியாக நின்று பாறைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. வாசுகி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவள் வானிலேயே கீழே போய், படகு கரை சேரும் இடத்தில் துவாய்களோடும் மீன் ரோல்ஸ் பெட்டியோடும் நிற்பதாக ஏற்பாடு.

எங்களுக்கு உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் மாட்டிவிட்டார்கள். படகோட்டி நிமல், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, முறுக்கேறிய ஆள். அவர் எங்களை வரிசையாக நிறுத்திச் சிங்களத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினார். நான் சிங்களம் சரளமாகக் கதைப்பேன் என்பது குடும்பத்தில் எல்லாரும் நம்பிய இன்னொரு விஷயம். மரக்கறிக் கடையில் கதைப்பேன், முச்சக்கர வண்டிக்காரரோடு கதைப்பேன். ஆனால் தலைக்கவசமோ தொப்பியோ போட்ட ஒருவர் முன்னால் நின்று வேகமாகச் சிங்களம் கதைத்தால், எனக்குள்ளே ஒரு பழக்கம் தானாக விழித்துவிடும். சோதனைச் சாவடிக் காலத்தில் வளர்ந்த கொழும்புத் தமிழருக்கு இது புரியும். என்ன சொன்னாலும் தலையை ஆட்டி, "ஹரி, ஹரி" என்றுவிட வேண்டும். சரி, சரி என்று அர்த்தம். அப்படிச் சொன்னால் கெதியாகப் போகவிடுவார்கள். விளங்கவில்லை என்றால் நிற்க வேண்டி வரும்.

நிமல் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் "ஹரி" என்றேன். இன்னும் ஏதோ கேட்டார். "ஹரி ஹரி" என்றேன். அவர் திருப்தியோடு சிரித்தார். பத்து நிமிடம் விளக்கம் நடந்தது. ரொறன்ரோவில் வளர்ந்ததால் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாத குகன், அவர் என்ன சொல்கிறார் என்று என் காதுக்குள் கேட்டான். துடுப்பை இறுக்கிப் பிடிக்கட்டாம் என்று மொழிபெயர்த்தேன். பத்து நிமிடமும் அதையா சொன்னவர் என்று கேட்டான். முக்கியமான விஷயம் என்பதால் திருப்பித் திருப்பிச் சொன்னதாக விளக்கினேன்.

பிறகு இடம் ஒதுக்கினார்கள். ஆரபியைக் கடைசியில், நிமலின் காலடியில் இருத்தினார்கள். சின்னப் பிள்ளை என்பதால் என்று நினைத்தேன். குகனை நடுவில் விட்டார்கள். என்னை "அய்யே", அதாவது அண்ணா, என்று மரியாதையாக அழைத்து, படகின் ஆக முன்னுக்கு இருத்தினார் நிமல். முன்னுக்கு இருப்பவர்தான் அலையை முதலில் சந்திப்பவர் என்பது படகு புறப்பட்ட பிறகுதான் தெரிந்தது.

பாறைகளுக்கு நடுவே தண்ணீர் பாய்ந்து விழுகிற முதலாவது சுழிப்பைப் பற்றி என்னால் விவரமாக எழுத முடியாது, கண்ணை மூடியிருந்தேன். படகு ஒருமுறை நிமிர்ந்து நின்றது, பிறகு கீழே விழுந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். என் துடுப்பு தண்ணீரைத் தொடவே இல்லை, காற்றைத்தான் வலித்தேன். நிமல் பின்னால் இருந்து கட்டளை இட, நான் ஒவ்வொன்றுக்கும் "ஹரி" என்று சொல்லிவிட்டு ஒன்றையும் செய்யவில்லை. பின்னால் ஆரபி சிரிக்கும் சத்தம் கேட்டது. பயத்தில் அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் உண்மையாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படகில் பயந்தவன் நான் ஒருவன்தான் என்பது என் பயத்தை இன்னும் கூட்டியது.

நான்கைந்து சுழிப்புகளுக்குப் பிறகு ஆறு அகன்று அமைதியானது. மற்றப் படகுகளில் வந்தவர்கள் தண்ணீரில் குதித்து மிதக்கத் தொடங்கினார்கள். ஆரபி படகின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, முதல்ல நீங்கள் இறங்குங்கோ. நீங்கள் இறங்கினால் நானும் இறங்குவன்."

நான்கு மாதம் நிலத்தை விட்டுக் கால் எடுக்காத பிள்ளை இதைச் சொல்கிறாள். இதற்காகத்தானே வந்தோம். நான் மாட்டேன் என்றால் இனி அவள் எந்தத் தண்ணீரிலும் இறங்கமாட்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் என் உடம்பில் ஓர் அங்கமும் அசையவில்லை. தண்ணீர் குளிர் என்றேன். முழங்காலில் பிடிப்பு என்றேன். சாப்பிட்டு எவ்வளவு நேரமானது என்று மணி பார்த்தேன். (கையில் மணிக்கூடே இல்லை.) அதற்குள் நிமல் முன்னுக்கு வந்து, என் தோளில் கை வைத்து, சிரித்தபடி ஏதோ கேட்டார்.

பழக்கம் பொல்லாதது. "ஹரி" என்றேன்.

அவர் என் அங்கியைப் பிடித்து, நட்போடு பின்பக்கமாகச் சரித்துவிட்டார். வானம் தெரிந்தது, பிறகு தண்ணீர் தெரிந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. மேலே வந்ததும் கையில் அகப்பட்டதைப் பிடித்தேன். அது குகனின் கால். அவனும் உள்ளே விழுந்தான். நான் உதைத்த உதையில் படகு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிரிந்தோம். அப்போதுதான் கத்தினேன். முதலில் "மட்ட பீனன்ன பே" என்று பிழையில்லாத சிங்களத்தில். பிறகு, எனக்கு நீந்தத் தெரியாது என்று தமிழில். பிறகு அதையே ஆங்கிலத்தில். அரசாங்கப் படிவம் போல மூன்று மொழியிலும் அறிவித்தேன். ஆற்றில் இருந்த அத்தனை படகுகளும் என்னைத் திரும்பிப் பார்த்தன. அங்கி என்னை மிதக்க வைத்திருந்தது உண்மை. ஆனால் மிதந்தபடியே நான் போய்க்கொண்டிருந்தேன். போகிற திசையில் அடுத்த சுழிப்பின் இரைச்சல் கேட்டது. செத்தேன் என்றே நினைத்தேன். பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் சாகப் போகிறேனே என்றும் நினைத்தேன்.

படகுப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஒரு சின்னச் சிவப்புத் தலைக்கவசம் என்னை நோக்கி வந்தது. ஆரபி. காலை அடித்துக்கொண்டு வந்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. போ, போ என்று கத்தினேன். அவள் வந்து என் அங்கியின் பட்டியைப் பிடித்தாள். பற்கள் கிடுகிடுக்க, ஆனால் நிதானமாகச் சொன்னாள்.

"எழும்பி நிக்கப் பாக்காதேங்கோ. மல்லாந்து படுத்து, காலை முன்னுக்கு நீட்டுங்கோ. ரெண்டு பாதமும் மேல தெரியோணும். அவர் சொன்னவர்தானே."

"எப்ப சொன்னவர்?"

"கரையில. நீந்தத் தெரியாத ஆக்களைக் கை தூக்கச் சொல்லியும் கேட்டவர். நான் தூக்கினனான். நீங்கள் தூக்கேல்லை."

பள்ளிக்கூடத்தில் அவள் சிங்களம் படிக்கிறாள் என்பதை நான் மறந்தே போனேன். நிமல் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியிருக்கிறது. அவளைப் பின்னுக்கு இருத்தியது அவள் கை தூக்கியதால்தான். என்னை முன்னுக்கு இருத்தியது நான் தூக்காததால்தான். நான் மல்லாந்து படுத்துக் காலை நீட்டினேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் சாவதற்கான வசதி பக்கத்திலேயே இருந்ததால் அந்த ஆசையை உடனே கைவிட்டேன்.

"பயமா இருக்கோ, குஞ்சு?"

"ஓம். உங்களுக்கு?"

"ஓம். சரியான பயம்."

அவள் தலையாட்டினாள். பிடி இன்னும் இறுகியது. நிமல் கயிற்றை எறிந்தார். அது என் மூக்கில் வந்து விழுந்தது. நான் இரண்டு கையாலும் மகளைப் பிடித்திருந்ததால் கயிற்றைப் பிடிக்க எனக்குக் கை இருக்கவில்லை. அவள்தான் பிடித்தாள். எங்களை மீன் மூட்டை மாதிரி இழுத்துப் படகில் போட்டார்கள். குகன் ஏற்கெனவே ஏறி, இருமிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு என்னை யாரும் முன்னுக்கு இருக்கச் சொல்லவில்லை. நிமலும் "அய்யே" என்பதை விட்டு "அங்கிள்" என்று மாற்றிக்கொண்டார். மிச்ச ஆறு முழுவதும் படகின் அடியில், எல்லாருடைய கால்களுக்கும் நடுவில் படுத்தபடி வந்து சேர்ந்தேன்.

கரையில் வாசுகி நின்றாள். ஆரபி படகில் இருந்து பாய்ந்து ஓடிப்போய், ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வாசுகி கேட்டுவிட்டு, முதலாவது துவாயைப் பிள்ளைக்குக் கொடுத்து, நீண்ட நேரம் கட்டிப் பிடித்தாள். இரண்டாவதைத் தம்பிக்குக் கொடுத்தாள். மூன்றாவதை என்னிடம் நீட்டும்போது, உண்மையைச் சொல்லுங்கோ என்றுதான் சொன்னேன், இப்படி ஊரைக் கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை என்றாள். ஊரோடும் நிற்கவில்லை. குகனின் தலைக்கவசத்தில் கமரா இருந்தது. அந்த மும்மொழி அறிவித்தலை இப்போது ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ மூன்றிலும் உள்ள சொந்தக்காரர்கள் கலியாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை நானும் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். ஆரம்ப வகுப்பு. என்னோடு ஆறு வயதுக்காரர் ஏழு பேர். விண்ணப்பத்தை நிரப்ப என் கை ஓடவில்லை என்பதால் ஆரபி வாங்கி நிரப்பினாள். பாதுகாவலர் என்று இருந்த இடத்தில் தன் பெயரை எழுதி, உறவுமுறை மகள் என்று போட்டு, கையெழுத்தும் வைத்தாள். அலுவலகத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அன்று தொடக்கம் வீட்டில் நான் பல்வைத்தியரிடம் போக மறுத்தாலும், மருந்து குடிக்கப் பஞ்சிப்பட்டாலும், பாதுகாவலரைக் கூப்பிடட்டோ என்று வாசுகி கேட்கிறாள்.

பயிற்சியாளரும் என் விஷயமாக அவளோடுதான் கதைக்கிறார். போன சனிக்கிழமை, ஆழமான பக்கத்தில் இருந்து ஏறி வந்த அவளிடம், அப்பா இன்னும் சுவரை விடுகிறார் இல்லை என்று முறைப்பாடு சொன்னார். ஏழு பிள்ளைகளின் தாய்மாரும் அங்கே நின்றார்கள். ஆரபி தலையைத் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

"அவருக்குப் பயம், சேர். அவசரப்படுத்தாதேங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்."