கலங்கரை விளக்கக் காவலர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கமாட்டார்

'நாமே அச்சிட்டோம்' மாத இதழின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற கலங்கரை விளக்கக் காவலர், வயது எழுபத்தொன்று, வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் இதழும் நலமாக இருக்க வேண்டும். என் மூட்டுவலியைப் பற்றி அன்போடு விசாரித்திருந்தீர்கள். மூட்டுவலி இல்லை. எப்போதும் இருந்ததில்லை. கலங்கரை விளக்கமும் இல்லை, கடலையே நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு வயது பதினான்கு, ஒன்பதாம் வகுப்பு. குளியலறையில் கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், எங்கள் வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் இருக்கும் அறை இது ஒன்றுதான். எழுத்து அங்கங்கே கலைந்திருந்தால் கண்ணீர் என்று நினைக்க வேண்டாம், குழாய் ஒழுகுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு எழுத்தாளர்கள் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வராதீர்கள். ஏன் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊருக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. அப்பாவுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. அம்மா வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், ஞாயிறு காலை போனில் வந்து "சாப்பிட்டியா" என்று கேட்பதற்குள் அங்கே யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, எங்களோடு வந்து இருக்கிறார். வகுப்பில் என் பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம். நானும் என் பையும் உட்கார்ந்திருக்கிறோம். ஒருநாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன், அப்போதும் யாரும் வரவில்லை. சரி, பையாவது இருக்கட்டும் என்று திரும்ப வைத்துவிட்டேன்.

அப்போதுதான் கணக்குக் குறிப்பு நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க ஒரு புத்தகத்தை மேலே வைத்திருந்தார்கள். பேருந்து நடத்துநர் ஒருவர் தாமே அச்சிட்ட விண்வெளி நாவல். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்ட கடைக்காரர், "வேணும்னா எடுத்துக்கோம்மா. எழுதினவரு பத்து வச்சுட்டுப் போனாரு, ஒண்ணுகூடப் போகல. எனக்கு ஒரு செங்கல் இருந்தாப் போதும்" என்றார். மறுநாள் செங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த விண்கலத்தில் ஐம்பத்திரண்டு இருக்கை, எண்பது பேர் ஏறியிருக்கிறார்கள், மீதிப் பேர் செவ்வாய்க் கிரகம்வரை நின்றுகொண்டே போகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு இடம் விடுவதற்காக ஒரு கிழவர் எழுந்து நிற்கும் பக்கத்தில் நான் அழுதேன், அது குழாய்த் தண்ணீர் இல்லை. கடைசிப் பக்கத்தில் உங்கள் இதழின் சீட்டு இருந்தது. 'படித்தவர்கள் நாலு வரி எழுதுங்கள். இதுவரை யாரும் எழுதவில்லை.' இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறவர்களுக்கு எழுதாமல் எப்படி இருப்பது?

சீட்டில் வயது, தொழில் என்று இரண்டு கட்டம். பதினான்கு, மாணவி என்று போட்டால் யார் மதித்து அந்தப் புத்தகத்தை வாங்குவார்கள்? எழுபத்தொன்று என்று போட்டேன். தனியாக உட்கார்ந்து நிறையப் படித்த ஆள் யாராக இருக்கும் என்று யோசித்துக் கலங்கரை விளக்கக் காவலர் என்றும் போட்டேன். தனியாக இருப்பதைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நீங்கள் மாதாமாதம் பார்சல் அனுப்ப ஆரம்பித்தீர்கள். சனிக்கிழமைதான் வரும், அத்தை மத்தியானத் தூக்கத்தில் இருக்கும்போது தபால்காரரிடம் வாங்கி, அத்தை வந்த நாளிலிருந்து திறக்காத அவருடைய பெரிய சூட்கேஸில் ஒளித்துவைத்தேன். ஏனென்றால் கணக்கில் முப்பத்தொன்று வாங்கியபோது அப்பா சொல்லியிருந்தார்: "பாடப் புத்தகம் தவிர வேற எதையாவது இவ கையில பாத்தேன், எடைக்குப் போட்டுடுவேன். புத்தகத்தை மட்டுமில்ல." (அங்கங்கே பக்க மூலைகள் மடங்கியிருக்கின்றன. நான் மடிப்பதில்லை. பார்சலை இன்னும் இறுக்கிக் கட்டினால் நல்லது.) பல் மருத்துவரின் பேய்க்கதைகளைப் படித்தேன், அவருடைய பேய்களுக்கெல்லாம் பல் வரிசையாக இருக்கிறது, அதனாலேயே கூடுதல் பயம். மின்மீட்டர் பார்க்கிறவரின் காதல் கவிதைகளைப் படித்தேன், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நிமிஷம் நின்றவர் என்பது தெரிகிறது, நாய்கள்தான் கொஞ்சம் அதிகம். எல்லாவற்றையும் பற்றி நாலு வரி எழுதி, கீழே ஆசி வழங்கி அனுப்பினேன். அதோடு நின்றிருக்க வேண்டும்.

துப்பறியும் நாவல் எழுதும் தையற்காரம்மா உங்கள் மூலமாகக் கேட்டார், கலங்கரை விளக்கத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு பிணத்தை ஒளிக்க முடியுமா என்று. ஒளிக்கலாம் அம்மா, ஆனால் நாலு நாளில் வாசனை வந்துவிடும் என்று பதில் எழுதினேன். அவர் என்னடா என்றால் 'தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்ட பெரியவருக்கு' என்று முதல் பக்கத்திலேயே நன்றி போட்டுவிட்டார். பிறகு நீங்கள் போன் நம்பர் கேட்டீர்கள். பயந்துபோய், எனக்குக் காது கேட்காது என்று எழுதினேன். அப்படியானால் நேரில் வந்து சத்தமாகப் பேசுகிறேன் என்றீர்கள். உடம்பு சரியில்லை என்றேன். அதற்குத்தான் இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள். ஒரு பொய்யை மூடப் போய் ஊரையே கூட்டிவிட்டேன்.

இந்த இடத்தில் அத்தை கதவைத் தட்டினார்.

"என்னடி, இன்னுமா?"

"வயிறு சரியில்ல அத்தை."

"மூணு நாளாவா? நாளைக்கு டாக்டர்கிட்ட போயிரலாம்."

"இப்ப பரவாயில்ல."

"பரவாயில்லன்னா வெளிய வா."

"இன்னும் கொஞ்சம் இருக்கு அத்தை."

போய்விட்டார் என்று நினைக்கிறேன். செருப்புச் சத்தம் கேட்கவில்லை, ஆனாலும் போயிருப்பார்.

ஐயா, அப்பா அடிப்பார் என்று பயம் இருக்கிறது, அது பெரிதில்லை. நீங்கள் போன கடிதத்தில் எழுதியது ராத்திரியெல்லாம் தூங்கவிடவில்லை. நடத்துநர் எழுதுவதையே விட்டிருந்தாராம், நம்மையும் ஒரு பெரிய மனுஷர் கடைசிவரை படித்திருக்கிறாரே என்று இரண்டாம் பாகம் தொடங்கிவிட்டாராம். அவர் இங்கே வந்து கதவைத் தட்டி, ரெட்டைப் பின்னலோடு நான் போய்த் திறந்தால், பேனாவை மூடிவைத்துவிடமாட்டாரா? சின்னப் பெண் விளையாடியிருக்கிறாள் என்றுதானே நினைப்பார்? பெரியவர்தான் பொய். அவர் எழுதிய நாலு நாலு வரி பொய் இல்லை. கிழவர் எழுந்து நிற்கும் அந்தப் பக்கத்தை நான் பதினோரு தடவை படித்திருக்கிறேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, உங்களைத் தவிர ஆள் கிடைக்கவில்லை.

ஆகவே, பெரியவர் மகனோடு வெளிநாடு போய்விட்டார் என்று இதழில் ஒரு வரி போட்டுவிடுங்கள். சாகடிக்க வேண்டாம், எப்படிச் செத்தார் என்று தையற்காரம்மா துப்பறிய ஆரம்பித்துவிடுவார். இனி எனக்குப் புத்தகம் எதுவும் அனுப்ப வேண்டாம். நான் கணக்குப் படிக்கப் போகிறேன்.

இதுவரை உங்களுக்கு ஆறு முறை ஆசி வழங்கியிருக்கிறேன், திருப்பி வாங்க வழி தெரியவில்லை, வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் எனக்கு ஒன்று கொடுங்கள். ஒன்பது பேரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் பணிவுள்ள,
முன்னாள் பெரியவர்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தேன். வாசலிலேயே நாற்காலி போட்டு அத்தை உட்கார்ந்திருந்தார், மடியில் தையற்காரம்மாவின் நாவல், அதுவும் பக்கத்தை மடித்து. "வயித்துவலியெல்லாம் இருக்கட்டும். பல் டாக்டர் பேய்க்கதையோட ரெண்டாம் பாகம் எங்கடி? சூட்கேஸ் பூராத் தேடிட்டேன்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "முதல் பார்சல்லேர்ந்து. நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் இந்த ஊர்ல நான் மட்டும் யார்கூடப் பேசுறதாம்?" என்றார். இந்தக் கடிதத்தையும் பிடுங்கிப் படித்தார். அப்பாவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார், அப்பா கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய கவிதை நோட்டு அத்தையிடம் இருக்கிறதாம். ஆகவே மேலே உள்ளதில் என் வயதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும். ஞாயிறு நான்கு மணிக்கு ஒன்பது பேரோடும் வரவும். நடத்துநருக்குக் கதவை நானே திறக்கிறேன், பதினோரு தடவை என்பதையும் நானே சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் நாலு நாற்காலிதான் இருக்கிறது, மீதிப் பேர் நிற்க வேண்டியிருக்கும், அவருக்கு அது பழக்கம்தான். தையற்காரம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: கொலைகாரன் யார் என்று முப்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டதாம், அத்தை அவரோடு தனியாகப் பேச வேண்டும் என்கிறார்.