தாளம் சரிபண்ணப் போய் கதவு போன கதை

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. போன்ல ஒரு கேமோட சவுண்டு செட்டிங்கை சரி பண்ணணும். அவ்வளவுதான்.

பாட்டு ஓடும், மேல இருந்து கட்டம் கட்டமா விழும், தாளத்துக்குச் சரியா விரலால தட்டணும். அந்த மாதிரி கேம். நாப்பது வயசுல இதெல்லாம் தேவையான்னு கேக்காதீங்க. தேவை. காரணம் இருக்கு.

கோலார் தங்க வயல்ல இருந்து தினமும் பெங்களூருக்கு ரயில்ல வேலைக்குப் போற பொம்பளைங்க நாங்க நாலு பேரு. அடிச்சுப் பிடிச்சு ஏறுனாலும் எங்க நாலு பேருக்கும் சேத்து ஒரு ஜன்னல் சீட்டுதான் கிடைக்கும். ஜன்னல்னா காத்து வரும், சாஞ்சு தூங்கலாம், அடுத்தவங்க டிபன் பை நம்ம மடியில ஏறாது. முன்னெல்லாம் இதுக்கு தினம் சண்டை. அப்புறம் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அந்த கேம்ல யாரு ஸ்கோர் மேல இருக்கோ, அடுத்த வாரம் பூரா ஜன்னல் அவங்களுக்கு!

மாசக்கணக்கா எங்க நாலு பேர்ல ராபர்ட்சன்பேட்டை லில்லிதான் ஜன்னல்ல. முடி காத்துல பறக்க உக்காந்துகினு என்னைப் பாத்து, "இன்னாக்கா, உங்களுக்கு தாளமே வராதா?"ன்னு கேக்குறா.

எனக்கு! சர்ச் கொயர்ல முன்வரிசையில நின்னு பாடுறவளுக்கு!

தப்பு என் விரல்ல இல்ல, செட்டிங்லதான்னு முடிவு பண்ணேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லுவாங்க. சொல்லட்டும்.

செட்டிங்கைத் திறந்தா தலை சுத்துது. பாட்டுக்கு ஒரு வால்யூம். தட்டுற சத்தத்துக்கு ஒரு வால்யூம். சரியா தட்டினா "பெர்ஃபெக்ட்!"னு கத்துற பொம்பளைக்கு ஒரு வால்யூம். போன் அதிர்றதுக்குத் தனியா ஒண்ணு. எங்க வீட்டு மிக்சியிலகூட மூணு ஸ்பீடுதான்!

தட்டுற சத்தம் எப்படி இருக்கணும்னு வேற கேட்டுச்சு. கைதட்டலா, மத்தளமா, தண்ணி சொட்டா, இரும்பா? கணீர்னு கேக்கட்டுமேன்னு இரும்பை அமுக்கினேன். எல்லாத்தையும் ஃபுல்லா வெச்சேன். அதிர்வையும்தான். எதுக்குக் குறை வெக்கணும்?

கடைசியா ஒரு டெஸ்ட்டு. நாலு தட்டு வரும், கொஞ்சம் நிக்கும், மறுபடி நாலு வரும். சத்தம் நம்ம காதுக்கு லேட்டா வந்து சேந்தா, ஒரு கோட்டை நகத்தி அதைச் சரி பண்ணிக்கலாம். இதுக்கு நிசப்தமான இடம் வேணும்.

ஹால்ல என் வீட்டுக்காரரு பிரபு கிரிக்கெட் பாத்துக்கிட்டு இருந்தாரு. அந்த டிவிக்கு செட்டிங் எல்லாம் கிடையாது, ஒரே சத்தம்தான். அதனால பாத்ரூமுக்குள்ள போயி தாழ்ப்பாள் போட்டு, வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்தேன். போனை சோப்பு மாடத்துல, இரும்பு பைப்புமேல சாத்தி வெச்சேன்.

அந்தப் பைப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். தங்க வயல்ல பாலகாட்னு எங்க ஏரியா. அங்க மைன்ஸ்காரங்களுக்குக் கட்டின லைன் வீடுங்க எல்லாம் ஒட்டு ஒட்டா இருக்கும். எங்க பாத்ரூம் பைப்பு அப்படியே சுவத்துக்குள்ள பூந்து பக்கத்து வீட்டு அந்தோணி மாமா பாத்ரூமுக்குப் போகுது. மாமா மைன்ஸ்ல அண்டர்கிரவுண்டு வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு.

டெஸ்ட்டை அமுக்கினேன். டங்! டங்! டங்! டங்! போன் அதிர்ந்து பைப்பே கிண்ணுன்னு பாடுச்சு. ஆகா, இதுல்ல சவுண்டு!

நாலு தட்டு நின்னுச்சு. ஒரு மூச்சு விடுற நேரம்.

டங். டங். டங். டங்.

மறுபடியும் நாலு, மெதுவா, தூரத்துல இருந்து வர்ற மாதிரி!

"அடப்பாவி, இவ்வளவு லேட்டா?"ன்னு போனையே திட்டினேன். மாசக்கணக்கா நான் தோத்ததுக்குக் காரணம் கையில சிக்கிடுச்சு! கோட்டை நகத்தினேன். போன் நாலு தட்டுச்சு. கொஞ்சம் கழிச்சு அந்த லேட்டு நாலும் வந்துச்சு. இன்னும் நகத்தினேன். அப்பவும் வந்துச்சு. கோட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தேன்.

சத்தம் நின்னுடுச்சு!

நான் இன்ஜினியருக்குப் படிச்சிருக்கணும்னு அப்பதான் தோணுச்சு.

சேவ் பண்ணிட்டு மணியைப் பாத்தா பன்னெண்டு ஆகப் போகுது. ஒரு பாட்டுக்குத்தான் நேரம் இருக்கு. ஆரம்பிச்சேன். முதல் கட்டம் விழுந்துச்சு, தட்டினேன். "மிஸ்!" ரெண்டாவது. "மிஸ்!" மூணாவதும் மிஸ்! வெளிய பிரபு ஏதோ கத்தினாரு. விக்கெட் போயிருக்கும்னு விட்டுட்டேன். எனக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் நடந்துக்கிட்டு இருந்துச்சு.

அப்ப கதவுல படார்னு ஒரு அடி! பயந்துபோயி என் விரல் தானா திரையில பட்டுச்சு.

"பெர்ஃபெக்ட்!"

அந்தப் பாட்டுல நான் வாங்கின ஒரே பெர்ஃபெக்ட் அதுதான்.

அடுத்த அடியில தாழ்ப்பாள் பறந்துச்சு, கதவு கழண்டு என் காலடியில விழுந்துச்சு. வாசல்ல கடப்பாறையோட அந்தோணி மாமா. பின்னால பிரபு. அவருக்குப் பின்னால எங்க லைன்ல பாதிப் பேரு.

"உசுரோட கீறா!"ன்னு மாமா கத்தினாரு.

நான் கவுத்த வாளிமேல, கையில போனோட. நல்லவேளை, நைட்டியோட.

"இன்னாம்மா ஆச்சு? எங்கனா அடிபட்டுச்சா?"

"ஒண்ணும் ஆகல மாமா. கேம் ஆடிகினு இருந்தேன்."

"அப்ப பைப்பைத் தட்டுனது?"

"போனு."

கூட்டத்துல யாரோ பின்னால இருக்கவங்களுக்கு விளக்கம் சொன்னாங்க, "ஒண்ணுமில்ல, போனு தட்டுச்சாம்." அது எனக்கு இன்னும் அவமானமா இருந்துச்சு.

விஷயம் இதுதான். சுரங்கத்துக்குள்ள மாட்டிக்கிட்டவங்க பைப்பைத் தட்டுவாங்களாம். கேக்குறவங்க அதே மாதிரி திருப்பித் தட்டணுமாம். கேட்டுச்சு, வர்றோம்னு அர்த்தம். மாமா குளிக்கப் போனவரு, நான் நாலு தட்ட, அவரும் ஒழுங்கா கையில இருந்த சொம்பால நாலு தட்டியிருக்காரு. நான் போனோட லேட்டுன்னு நெனச்சு நகத்தி நகத்தி சரி பண்ணினது அந்தோணி மாமாவை! சத்தம் நின்னது என் திறமையால இல்ல. அவரு கடப்பாறை எடுக்கப் போயிட்டாரு.

பிரபு, "நான் எவ்ளோ கூப்ட்டேன், ஒரு பதில் சொல்லக் கூடாதா?"ன்னாரு.

"விக்கெட்டுன்னு நெனச்சேன்."

மாமாவைத் திட்டணும்னு வாயைத் திறந்தேன். பிரபு அவருக்குத் தண்ணி குடுத்தாரு. குடுத்த தண்ணியில பாதி சட்டையில கொட்டுச்சு. "உள்ள தட்டுனா வெளிய சும்மா இருக்க முடியாதும்மா. அதான்"னாரு. எனக்காக ஒரு மனுஷன் இவ்வளவு பதறியிருக்காரேன்னு திட்ட வந்ததை விட்டுட்டு இன்னொரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்தேன்.

ஆனா மணி பன்னெண்டு தாண்டிடுச்சு.

திங்கக்கிழமை ரயில்ல ஏறினா, ஜன்னல்ல லில்லி. விஷயம் எனக்கு முன்னாடியே ரயில் ஏறியிருக்கு. "வாங்கக்கா! ஜன்னலோரம் கம்பி இருக்குது, நீங்க தட்டிகிட்டி வெச்சா வண்டியை நிறுத்திடுவாங்க. நடுவுல உக்காருங்க"ன்னா. பெங்களூர் போய்ச் சேர்ற வரைக்கும் யாரோ ஒருத்தரோட டிபன் பை என் மடியில.

ஆசாரி வர்ற வரைக்கும் பாத்ரூமுக்கு ஒரு பழைய சேலைதான் கதவு. உள்ள ஆள் இருக்குன்னு வெளிய தெரியணுமேன்னு, எங்க வீட்டுல இப்ப எல்லாரும் பாடிக்கிட்டேதான் குளிக்கிறோம்.

ஃபுல் வால்யூம்ல. குறைக்கிற வசதி இல்ல.